மூன்று நாள் கூட்டம், முப்பது ஆண்டு விதி

இன்ன உயரத்துக்கு இன்ன எடைதான் சரி என்ற கணக்கை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனதில் மருத்துவர்களைவிட ஆயுள் காப்பீட்டுக்காரர்களுக்கே பங்கு அதிகம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 1942-43இல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் 'உகந்த எடை' அட்டவணைகளை வெளியிட்டது. அவற்றின் பின்னால் இருந்தவர் நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளின். சீக்கிரம் இறக்கக்கூடியவர் யார், யாரிடம் கூடுதல் பிரீமியம் வாங்கலாம் என்று பாலிசிதாரர்களின் பதிவேடுகளைக் கொண்டு போட்ட கணக்கு அது. எலும்புக் கட்டமைப்பைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்தார்கள். தன் கட்டமைப்பு எது என்று ஒருவர் எப்படி அளந்து பார்ப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆனாலும் 1959இல் திருத்தப்பட்ட அட்டவணை மருத்துவமனைச் சுவர்களில் தொங்கியது.

அதே காலத்தில் எடையைக் குறைக்கக் கத்தியை எடுத்தவர்களும் உண்டு. 1954இல் மினசோட்டாவில் ஆர்னால்ட் கிரெமன் குழுவினர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாமல் தாண்டிப்போக வழிசெய்யும் முறையை விவரித்தார்கள். எடை இறங்கியது, கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் பாதிப்பு எல்லாம் வந்தன. அந்த முறை வழக்கொழிந்தது. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், சிக்காஷி இட்டோ இருவரும் இரைப்பையைச் சிறிதாக்கும் பைபாஸ் முறையைத் தொடங்கினர். யாருக்குச் செய்வது? அட்டவணையின் எடையைவிட 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ கூடுதலாக இருப்பவருக்கு. பிரீமியத்துக்காகப் போட்ட கணக்கு இப்படித்தான் அறுவை அரங்குக்குள் நுழைந்தது.

1972இல் அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ், பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் தந்த சூத்திரத்தைத் தூசி தட்டி 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயரிட்டார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்த பி.எம்.ஐ., மெல்ல அட்டவணையின் இடத்தைப் பிடித்தது.

1991 மார்ச் 25 முதல் 27 வரை இந்த அறுவைக்கு யார் தகுதியானவர் என்று முடிவுசெய்ய அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டியது. பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். இல்லையென்றால் 35க்கு மேல் இருந்து, கடுமையான இணைநோயும் வேண்டும் என்று முடிவானது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 40 என்பது ஏறத்தாழ 116 கிலோ, 35 என்பது 101 கிலோ. வயிற்றைப் பெரிதாகத் திறந்து அறுவை செய்த காலம் அது. ஆபத்து அதிகம் என்பதால் வரம்பும் உயரத்தில் நின்றது. மூன்றே ஆண்டுகளில், 1994இல், அறுவை மருத்துவர்கள் விட்குரோவும் கிளார்க்கும் சிறு துளைகள் வழியாக அதே பைபாஸைச் செய்ததை வெளியிட்டார்கள். கத்தி மாறியது, எண் மாறவில்லை.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், உடல் பருமனைத் தன்னளவில் நோயாகவே ஏற்காமல் இருந்தது. அப்படிச் சொன்ன விதி வாசகம் 2004இல்தான் நீக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் பி.எம்.ஐ. 35, ஓர் இணைநோய், முந்தைய சிகிச்சை பலிக்காமல் போனதற்கான சான்று ஆகியவற்றோடு, தரச்சான்று பெற்ற மருத்துவமனையில்தான் அறுவை செய்ய வேண்டும் என்றும் மெடிகேர் விதித்தது. மருத்துவமனை பற்றிய அந்த நிபந்தனை 2013இல் கைவிடப்பட்டது.

தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்ததுதான் நோயாளிகளை அதிகம் அலைக்கழித்தது: மருத்துவர் மேற்பார்வையில் தொடர்ந்து ஆறு மாத உணவுக் கட்டுப்பாடு. மாதம் ஒரு தரம் போய் எடை பார்த்துக் குறிப்பில் ஏற்ற வேண்டும். ஒரு மாதம் தவறினால் பல பாலிசிகளில் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மனநல மதிப்பீடு, உணவியல் வல்லுநரின் அறிக்கை, சில இடங்களில் பல ஆண்டு எடைப் பதிவுகள் என்று முன் அனுமதிக்கான கோப்பு தடித்துக்கொண்டே போனது. சொன்னபடி பட்டினி கிடந்து எடை குறைந்தால் பி.எம்.ஐ. 35க்குக் கீழே போய்த் தகுதி பறிபோகுமோ என்ற பயம் வேறு.

அமெரிக்க வளர்சிதைமாற்ற, பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை சங்கம் 2011இலும் 2016இலும் இந்தக் கட்டாய உணவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து அறிக்கை விட்டது. இந்தக் காத்திருப்பால் அறுவையின் பலன் கூடுகிறது என்பதற்கு ஆதாரமில்லை, சிகிச்சைதான் தள்ளிப்போகிறது என்பது அதன் வாதம். 2022 அக்டோபரில் அச்சங்கமும் உடல் பருமன் அறுவைக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பும் சேர்ந்து 1991 வரம்பைத் திருத்தின: பி.எம்.ஐ. 35 இருந்தால் இணைநோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம்; 30க்கு மேல் சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் பரிசீலிக்கலாம்; ஆசியர்களுக்கு 27.5 போதும்.

இந்தியாவில் நெடுங்காலம் உடல் பருமன் சிகிச்சையை 'அழகுக்காகச் செய்வது' போலவே பார்த்துப் பெரும்பாலான பாலிசிகள் ஒதுக்கிவைத்தன. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019இல் விலக்குகளை ஒழுங்குபடுத்தியபோது கதவு சற்றுத் திறந்தது. 18 வயது, மருத்துவர் ஆலோசனை, பி.எம்.ஐ. 40; அல்லது 35ஆகவோ அதற்கு மேலோ இருந்து, வேறு வழிகள் பலிக்காமல், இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும். எண்கள் 1991இல் வகுத்தவையே. சர்க்கரை கட்டுக்கடங்காத, பி.எம்.ஐ. 33 உள்ள ஒரு சென்னைவாசிக்கு 2022 வழிகாட்டுதலின்படி அறுவை பொருந்தும். 2019 வாசகத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் அவர் கிளைமை மறுக்கவும் முடியும்.