முயிற்றுக் கூட்டின் விருந்தினர்

சென்ட்ரலை நெருங்கும் ரயில்கள் பேசின் பிரிட்ஜில் சற்றே தயங்கி நிற்பது வடசென்னைவாசிகளுக்குப் பழகிய ஒன்று. அப்படி நின்ற ஒரு மாலையில், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டு மாமரத்தில் இலைகளை இணைத்துத் தைத்த முசுறுக் கூடொன்றைக் கண்டேன். வகுப்பில் பலமுறை நடத்திய நற்றிணை 180ஆம் பாடல் நினைவுக்கு வந்தது.

முசுறுக்குச் சங்க காலப் பெயர் முயிறு. வயற்புறத்துப் பாகல் மரத்தில் முயிறு மொய்த்த கூடு. நாரை உரசக் கூடு சிதைகிறது. செந்நெல்லோடு வெள்ளரிசி கலந்தாற்போல் சிவந்த எறும்புகளும் வெண்ணிற முட்டைகளும் உதிர்கின்றன. பாகல் என்பதற்குப் பலா என்று பொருள் கொள்வர். நெல்லும் மரமும் பறவையும் எறும்பும் சேர்ந்த அந்த நிலத்தைத்தான் இன்று வேளாண்காடு என்கிறோம்.

1851இல், சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த டி.சி. ஜெர்டான், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலொன்றை 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். இலக்கியமும் அறிவியலும் ஒரே அட்டைக்குள் இருந்த காலம் அது. ஆனால் அது வீட்டுக்காரர்களின் பட்டியல் மட்டுமே. அவ்வீட்டில் ஒண்டியிருப்போரின் விரிவான பட்டியலை 1894இல் பெர்லினில் வெளியிட்டவர் ஏசு சபைத் துறவி எரிக் வாஸ்மன். எறும்புக் கூடுகளில் வாழும் வண்டு முதலிய சிற்றுயிர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அதில் இடம்பெற்றன. அவற்றை அவர் 'எறும்பு விருந்தினர்' என்றார்.

விருந்தினர் எல்லோரும் நல்லவர் அல்லர். இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை காணப்படும் 'லிஃபைரா பிராசோலிஸ்' என்ற பட்டாம்பூச்சியின் புழு, முசுறுக் கூட்டுக்குள்ளேயே வளர்ந்து எறும்பின் குஞ்சுகளைத் தின்கிறது. கேடயம்போல் தட்டையான அதன் தடித்த தோலை எறும்புகளால் கடிக்க இயலாது. அத்தோலுக்குள்ளேயே அது கூட்டுப்புழுவாகிறது. இறக்கை முளைத்து வெளிவருகையில் உடலெங்கும் எளிதில் உதிரும் செதில்கள். கடிக்க வரும் எறும்பின் வாயில் அவையே சிக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இவ்வாழ்க்கையைக் கண்காணித்து 1902இல் எழுதினார் எஃப்.பி. டாட். சங்கப் புலவர் கண்ட வெண்மைக்குள் இப்படியொரு திருடனும் ஒளிந்திருக்கக்கூடும்!

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தோப்பில் முசுறு கடிக்கிறதென்று கூட்டை எரிக்கும்போது, நாம் அறியாத அந்தப் புதியவர்களும் சேர்ந்தே எரிகிறார்கள். அதே நற்றிணைப் பாடல் வெட்டி வீழ்த்தப்பட்ட ஒரு புன்னையையும் பேசுகிறது. பாடலில் இடம்பெற்றதால் அம்மரம் நமக்குத் தெரிகிறது. அதன் கிளைகளில் குடியிருந்தவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை.