வரியில்லாத் தீவுக்கு வரி வந்த கதை

நேயர்களே, வெளிநாட்டுக் காரைப் பினாங்குக்குக் கொண்டுவர ஏன் இத்தனை செலவு? பதில் வரலாற்றில் இருக்கிறது.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கினார். பெரும்பாலான சரக்குகள் ஜார்ஜ்டவுனில் வரியின்றி இறங்கின. கடல் தாண்டி பட்டர்வொர்த் போனால்தான் சுங்கம் பிடிக்கும். 1969இல் அந்தச் சலுகை பறிபோனது. துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவர்கள் தவித்துப்போனார்கள். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் வந்த பிறகே தொழிற்சாலைகள் கைகொடுத்தன.

காருக்கு இன்னொரு பூட்டும் உண்டு. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. உள்நாட்டுக் காரைக் காக்க, வெளிநாட்டுக் காருக்கு வரி கூடியது.

கணக்கைப் பாருங்கள். வணிக ஒப்பந்தச் சலுகை இல்லாத நாட்டிலிருந்து வரும் பெட்ரோல் கார், கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்து 100,000 ரிங்கிட் என்று வையுங்கள். இறக்குமதி வரி 30 விழுக்காடு. அதன்மேல் கலால் வரி குறைந்தது 60 விழுக்காடு. அதற்கும் மேல் விற்பனை வரி 10 விழுக்காடு. மொத்தம் 228,800 ரிங்கிட்! ‘ஏபி’ அனுமதி வேறு வேண்டும்.

1987 முதல் தீர்வையற்ற தீவான லங்காவியில் கார் மலிவுதான். ஆனால் பெருநிலத்துக்கு ஓட்டிவரச் சுங்க அனுமதி தேவை. அன்று பினாங்கைச் சுற்றியிருந்த அதே வேலி!

ஆகவே, அனுமதி கைக்கு வந்த பிறகே காரைக் கப்பலில் ஏற்றுங்கள்.