புல் இல்லாத புல்: லிரியோப்பின் கதை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடைபாதை ஓரம், மரத்தடி என்று எங்கு பார்த்தாலும் ஒரு கரும்பச்சைச் செடி அடர்த்தியாகத் தலைமுடி போல் சரிந்து கிடக்கும். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'மங்கி கிராஸ்'. குரங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புல்லுக்கும் சம்பந்தமில்லை! தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கிறதே, அந்தக் குடும்பம். நிஜப் பெயர் லிரியோப்.

பெயர்க் குழப்பம்தானே என்று விட்டுவிட முடியாது. இதை நம்பி வாங்கிப் பூப்பாத்தியையே பறிகொடுத்தவர்கள் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் வியட்நாமின் ஒரு பகுதியை ஐரோப்பியர்கள் கொச்சின்சீனா என்றார்கள். (கேரளத்துக் கொச்சியோடு குழம்பாமல் இருக்கத்தான் 'சீனா' ஒட்டிக்கொண்டது என்பார்கள். அங்கேயும் பெயர்க் குழப்பம்தான்!) ஜுவாவோ தெ லூரெய்ரோ என்ற போர்ச்சுகீசிய இயேசு சபைப் பாதிரியார் அங்கே 30 வருடங்களுக்கு மேல் இருந்தார். மதம் பரப்பப் போனவர், கணிதமும் இயற்கை அறிவியலும் தெரிந்தவர் என்ற முறையில் அரசவையில் இடம் பிடித்தார். வைத்தியமும் பார்த்தார். ஐரோப்பிய மருந்துகள் அவ்வளவு தூரம் வந்து சேராததால், உள்ளூர்ச் செடிகளைப் படிக்க ஆரம்பித்தார். லின்னேயஸின் புத்தகங்களை வைத்துக்கொண்டு, சொல்லித்தர ஆளில்லாமல், தாமாகவே தாவரவியல் கற்றுக்கொண்டார். இடையில் 1773ல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். லூரெய்ரோ செடிகளை விடவில்லை.

ஊர் திரும்பியபின் 1790ல் லிஸ்பனில் வெளிவந்த அவருடைய 'ஃப்ளோரா கொச்சின்சினென்சிஸ்' நூலில்தான் லிரியோப் என்ற பேரினம் முதலில் வருகிறது. கிரேக்கப் புராணத்தில் நார்சிசஸின் தாயான தேவதையின் பெயர் அது. பாதிரியார் ஒருவர் செடிக்குக் கிரேக்க தேவதையின் பெயரை வைத்தது தனி வேடிக்கை. அவர் விவரித்த இனம் லிரியோப் ஸ்பிகேட்டா. மறுவருடமே, 1791ல், அவர் இறந்துவிட்டார்.

குழப்பம் அதற்குப் பிறகுதான். 1807ல் ஓஃபியோபோகன் என்று இன்னொரு பேரினம் வந்தது. பார்க்க அச்சு அசலாக லிரியோப் மாதிரியே இருக்கும் உறவுக்காரச் செடி. அடுத்தடுத்து வந்தவர்கள் இரண்டையும் கலந்துகட்டினார்கள். 1867ல் பிரெஞ்சுக்காரரான டெக்கேன் ஒரு புதிய இனத்தை விவரித்தபோது 'ஓஃபியோபோகன் மஸ்காரி' என்றே பெயர் வைத்தார். அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1929ல் நீண்ட கட்டுரை எழுதி அதை லிரியோப்புக்கு மாற்றும்வரை அதுதான் நிலைமை. அதாவது லூரெய்ரோவின் நூல் வந்து 139 வருடங்கள் கழித்து!

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. லிரியோப்பின் பூ நிமிர்ந்து பார்க்கும், விதை கறுப்பு. ஓஃபியோபோகனின் பூ தலை கவிழ்ந்திருக்கும், விதை பெரும்பாலும் நீலம்.

ஆனால் தோட்டக்காரரை நிஜமாகப் பாதிப்பது லிரியோப்புக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம். மஸ்காரி தூர் கட்டி வளரும். நட்ட இடத்தில் நிற்கும். இலை அகலம், ஊதாப் பூங்கதிர் எடுப்பாகத் தெரியும். ஸ்பிகேட்டாவோ மண்ணுக்கடியில் தண்டு விட்டு ஓடும். நம்மூர்க் கோரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலர்ப்பாத்திக்கு வரப்பாக வைத்தால் சில வருடங்களில் பாத்தியே அதனுடையதாகிவிடும். தோண்டி எடுத்தாலும் விட்டுப்போன துண்டு மறுபடி முளைக்கும். இரண்டையும் 'மங்கி கிராஸ்' என்றே கேட்டு வாங்கினால் எது கையில் வரும்? சரக்கு இரண்டு, லேபிள் ஒன்று. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அதற்காக ஸ்பிகேட்டாவை வில்லனாக்கவும் வேண்டாம். புல் பிடிக்காத சரிவிலும் அடர்ந்த நிழலிலும் மண்ணைப் பிடித்து நிறுத்த அந்த ஓட்டம்தான் தேவை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அடி இடைவெளி விட்டு நடுவார்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர், பிறகு வறட்சியையும் தாங்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் ஆகாது, அடித்தண்டு அழுகிவிடும். குளிர்காலக் கடைசியில், புதுத்துளிர் வருமுன், பழைய இலைகளை மொத்தமாக வெட்டிவிடுவது வழக்கம். இதில் தாமதிக்கக்கூடாது. துளிர் வந்தபின் வெட்டினால் நுனி அறுபட்ட இலைகள் அந்த வருடம் முழுக்க அப்படியே நிற்கும். செடி அதிகம் வேண்டுமென்றால் வசந்தத்தில் தூரைப் பிரித்து நடலாம். காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்தே கிடைத்துவிடும். பக்கத்து வீட்டில் இருப்பது எந்த வகை என்பதுதான் கேள்வி! தோண்டும்போது வேரோடு வெள்ளையாகப் பக்கவாட்டில் நீளும் தண்டு வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வந்தால் அது லூரெய்ரோவின் ஸ்பிகேட்டா.