பதினாறு குழந்தைகள்

கோமுகி அணையைப் பார்த்துவிட்டு வடக்கனந்தலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மேற்கே கல்வராயன் மலை. பக்கத்தில் ஒருவர், கையில் மஞ்சப்பை. உள்ளிருந்து ஆஸ்பத்திரி ஃபைலின் முனை எட்டிப் பார்த்தது. அவர் மேல் சாய்ந்தபடி எட்டு வயசுப் பையன், தலையில் குல்லா. அது எதற்கென்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பேச்சுக் கொடுத்தேன். பையனுக்கு ரத்தப் புற்றுநோய். கள்ளக்குறிச்சி போய் அங்கிருந்து மெட்ராஸ் பஸ் பிடிக்க வேண்டும்.

‘‘ஒரு காயிதத்துல கையெழுத்து கேக்குறாங்க சார். இப்ப குடுக்கிற மருந்தோட புதுசா ஒண்ணையும் சேர்த்துப் பாப்பாங்களாம். எம் புள்ளைய வச்சு சோதனை பண்ணப் போறாங்களா?’’

நியாயமான கேள்வி. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் அவருக்கு ஒரு கதை சொன்னேன்.

ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர் எல்லப்ரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தி சொன்னாரே என்று கதர் கோட்டு போட்டுக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. விளைவு? எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியும் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே எல்.எம்.எஸ்.தான்! மனிதர் சோர்ந்துவிடவில்லை. கடல் தாண்டி அமெரிக்கா போனார். 1940-களில் லெடர்லி மருந்து கம்பெனியின் ஆராய்ச்சி அவர் கையில் இருந்தது.

அதே சமயம் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், லுக்கேமியா வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, இன்னும் வேகமாகப் பரவியது! ‘அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்?’ என்று திருப்பி யோசித்தார். தடுக்கும் மருந்தான அமினோப்டெரினை சுப்பாராவின் குழு தயாரித்து அனுப்பியது.

1947 டிசம்பரில் முதல் ஊசி. மொத்தம் 16 குழந்தைகள். அதில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து விளையாடினார்கள். 1948 ஜூனில் கட்டுரை வெளியானது. ஆனால், சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. மருந்து அதற்குமேல் கேட்கவில்லை. அதே ஆகஸ்டில் நியூயார்க்கில் சுப்பாராவும் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53.

‘‘அப்ப அது தோல்விதானே சார்?’’ என்றார்.

‘‘பின்னால பாருங்க’’ என்றேன். வேலியோரம் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது நித்தியகல்யாணி. ‘சுடுகாட்டு மல்லி’ என்று யாரும் வீட்டுக்குள் கொண்டுவராத பூ!

அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை நோய் போகும் என்று ஜமைக்காவில் நம்பினார்கள். 1952-ல் கொஞ்சம் இலை கனடாவுக்குப் போனது. அங்கே ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை துளிகூட இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. லுக்கேமியா என்பதே வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் நோய்தானே! இந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்று இரண்டு மருந்துகள் பிறந்தன. டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில்தான் கிடைக்கும்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டர்கள் நான்கு மருந்துகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒன்று, நித்தியகல்யாணியின் வின்கிறிஸ்டின். இன்னொன்று, அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட், அதுவும் சுப்பாராவ் குழு தந்ததுதான். ‘குழந்தைக்கு விஷத்தையா கொடுக்கிறீர்கள்?’ என்று சக டாக்டர்களே சண்டைக்கு வந்தார்கள். ஆனால், சில குழந்தைகள் நோய் திரும்பாமலே வளர்ந்தார்கள். அந்த 16 குழந்தைகள் காட்டிய பாதை அது.

நம்மூருக்கு அது எப்போது வந்தது? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வெறும் சிகிச்சையோடு நிற்கவில்லை. யாருக்கு எது கொடுத்தோம், என்ன ஆனது என்று கணக்கு வைத்தார்கள். 1980-களில் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுப்படியாகும் ஒரே சிகிச்சைத் திட்டத்தை லுக்கேமியா குழந்தைகளிடம் நடத்திப் பார்த்தன. அதற்குமுன் பெரும்பாலான குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். அதன்பின் பாதிப் பேர் அளவுக்குப் பிழைத்தார்கள்.

‘‘ஏமாத்துறவங்களும் இருப்பாங்கல்ல?’’

இருந்தார்கள். 1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் வாய்ப்புற்றுநோயாளிகளுக்கு ஒரு புது ரசாயனத்தைச் செலுத்தினார்கள். 2001-ல் விஷயம் வெடித்தது. அந்தச் சோதனைக்குத் தங்கள் விஞ்ஞானி உரிய அனுமதியே வாங்கவில்லை என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது.

அதன்பிறகு சட்டம் மெல்ல மெல்ல இறுகியது. 2009 முதல், மருந்துச் சோதனைகளை அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது கட்டாயம். 2019-ன் விதிகளைப் பார்த்தால், சோதனையால் பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு. நடுவில் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. காகிதத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும்.

‘‘அதனால கையெழுத்துக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்கண்ணே. இப்ப உள்ள மருந்தை நிறுத்துவாங்களா? புது மருந்தால என்ன கெடுதல் வரலாம்? வந்தா யாரு செலவு? வேணாம்னா என்ன ஆகும்? பதில் சரியா வரலேன்னா கையெழுத்து போடாதீங்க. சரியா வந்தா யோசிங்க. இன்னிக்கு உங்க பையனுக்கு ஏறுற ஒவ்வொரு ஊசியும் யாரோ ஒரு அப்பா, அம்மா எங்கேயோ சரின்னு சொன்னதால வந்தது.’’

அவர் வெகுநேரம் பேசவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது.

‘‘இன்னொண்ணு, ஏழு வயசு தாண்டின பிள்ளைன்னா அவன்கிட்டயும் சம்மதம் கேக்கணும்னு நெறிமுறை’’ என்றேன்.

அவருக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. பையனின் குல்லாவைச் சரிசெய்தபடி சொன்னார். ‘‘கேட்டியாடா? உன்னையும் கேக்கணுமாம்!’’

பையன் கொஞ்சம் யோசித்தான். ‘‘அந்த ஊசி வலிக்குமான்னு மொதல்ல கேளுப்பா!’’

நான் நாலு கேள்வி சொன்னேன். அவன் சொன்னது ஐந்தாவது!