செலஸ்தீனாவின் தங்கச் சங்கிலி

ஸ்பானிய மொழியில் 'செலஸ்தீனா' என்பது இன்று ஒரு பொதுச்சொல். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மறைவாகத் தூது நடந்து கூலி வாங்கும் கிழவியை அப்படி அழைக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நூலின் பாத்திரம் அவள். நூலுக்கு ஆசிரியர் இட்ட தலைப்பில் அவள் பெயர் கிடையாது. கலிஸ்தோ, மெலிபேயா என்ற காதலர் இருவரின் பெயர்களே இருந்தன. படித்தவர்கள்தாம் காதலரை ஒதுக்கிவிட்டுக் கிழவியின் பெயரால் நூலை அழைக்கத் தொடங்கினார்கள். வாசகர் செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது.

இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் பதிப்பு 1499 இல் பூர்கோஸ் நகரில் அச்சானது. செர்வாந்தேசின் 'டொன் கிஹோத்தே' வெளிவர இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் இருந்தன. முழுவதும் உரையாடலாகவே அமைந்த நூல் இது. கதை சொல்பவர் என்று எவரும் இல்லை. முதலில் 16 அங்கங்களாக இருந்தது, சில ஆண்டுகளுக்குள் 21 ஆக விரிந்தது. எழுதியவர் பெர்னாந்தோ தெ ரோஹாஸ். சலமங்கா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். முதல் அங்கம் வேறொருவர் எழுதிக் கைக்குக் கிடைத்தது என்றும், மீதியை இரண்டு வார விடுமுறையில் தாம் எழுதி முடித்ததாகவும் அவர் சொல்கிறார். தம் பெயரை வெளிப்படையாகப் போடவில்லை. முகப்புப் பாடலின் அடிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால்தான் பெயர் வரும். அப்படி மறைத்ததற்குக் காரணம் இருந்திருக்கக்கூடும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கதை எளியது. கலிஸ்தோ வசதிபடைத்த இளைஞன். பறந்துபோன வல்லூற்றைத் தேடி ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தவன் அங்கே மெலிபேயாவைக் கண்டு மயங்குகிறான். அவள் ஏசி விரட்டிவிடுகிறாள். காதல் நோயில் புலம்புகிறவனுக்கு அவனது வேலையாள் செம்ப்ரோனியோ ஒரு மருந்து சொல்கிறான்: செலஸ்தீனாவை அழைப்பது. கிழவிக்குக் கிடைப்பதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவன் கணக்கு.

செலஸ்தீனாவுக்குத் தொழில்கள் ஆறு. தையல், வாசனைப் பொருள், முகப்பூச்சு, கெட்டுப்போன கன்னிமையை ஒட்டுப்போட்டு மீட்டுத் தருவது, தூது, கொஞ்சம் சூனியம். இவற்றுள் தையல் மற்ற ஐந்துக்கும் போர்வை. நூல் விற்கிறேன் என்று சொல்லி எந்த வீட்டுக்குள்ளும் அவளால் நுழைய முடியும். மெலிபேயாவின் வீட்டுக்கும் அப்படித்தான் போகிறாள். கலிஸ்தோவுக்குப் பல்வலி, உன் இடைக்கச்சு புனிதத் தலங்களின் திருப்பண்டங்களைத் தொட்டது, அதைத் தந்தால் குணமாகும் என்கிறாள். அந்தப் பெண்ணும் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள்.

ஆனால் கிழவியின் வஞ்சகத்தைக் காட்டிலும் என்னை வருத்துவது பார்மெனோ என்ற இளம் வேலையாளின் கதை. இவன் தாய் செலஸ்தீனாவின் கூட்டாளி. சிறுவயதில் அவள் வீட்டில் வளர்ந்தவனாதலால் அவளை நன்கு அறிந்தவன். இவளை நம்பவேண்டாம் என்று எசமானிடம் உண்மையைச் சொல்கிறான். கலிஸ்தோவோ கிழவிக்கு நூறு பொற்காசுகளைக் கொடுத்துவிட்டு, எச்சரித்தவனைக் கடிந்துகொள்கிறான். குதிரைக்காரன் இல்லாத நேரத்தில் குதிரைக்குச் சேணம் பூட்டும் வேலையும் இவன் தலையில் விழுகிறது. விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி இது என்றால் இனி ஊரோடு ஒத்துப்போவேன் என்று அவன் முடிவுசெய்கிறான். மிச்சத்தைச் செலஸ்தீனா பார்த்துக்கொள்கிறாள். இக்கால எசமானர்கள் தங்களைத்தான் நேசிக்கிறார்களே தவிர வேலையாட்களை நேசிப்பதில்லை என்று ஓதுகிறாள். அவன் தந்தை விட்டுச்சென்ற செல்வம் தன்னிடம் இருப்பதாக ஆசைகாட்டுகிறாள். அவன் ஏங்கிக்கொண்டிருந்த அரேயூசாவிடம் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். ஒரு நேர்மையான பையனைக் கெடுக்க ஆசையும் பொய்யும் சரிபாதி வேண்டியிருந்தன. அதற்கு முதல் அடியை எடுத்து வைத்தவன் எசமான்.

நூறு காசுக்குப் பிறகு கிழவி பணம் கேட்பதில்லை. போர்வையும் பாவாடையும் கேட்கிறாள். காசென்றால் பங்கு பிரிக்கவேண்டி வரும், உடையென்றால் பிரிக்கவேண்டியதில்லை என்று பார்மெனோ உடனே கண்டுகொள்கிறான். மூன்றாவதாகக் கலிஸ்தோ மகிழ்ச்சி மிகுதியில் ஒரு தங்கச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறான். அதுவும் பிரிக்க முடியாத பொருள். அன்றிரவு எசமானுக்குக் காவல் நின்றபோது ஓடத் தயாராய் இருந்த வேலையாட்கள் இருவரும் விடியற்காலையில் கிழவி வீட்டுக்குப் போய், சண்டையில் ஆயுதங்கள் உடைந்துபோயின என்று புளுகிப் பங்கு கேட்கிறார்கள். சங்கிலியை வீட்டிலிருக்கும் எலிசியாவிடம் கொடுத்தேன், அவள் எங்கேயோ வைத்துவிட்டாள் என்கிறாள் செலஸ்தீனா. என் உழைப்புக்கு எனக்குக் கிடைத்தது, நான் சொன்னது பேச்சுக்காக என்கிறாள். கத்தி உருவப்படுகிறது. கொலை வழக்குச் செய்திகளைப் பத்திரிகையில் கையாண்டவர்களுக்கு இந்தச் சச்சரவு அன்னியமாய் இராது. கொன்றவர்கள் சன்னல் வழியே குதித்துக் கைகால் முறிந்து பிடிபட்டு, அன்று காலையிலேயே சதுக்கத்தில் தலை வெட்டப்படுகிறார்கள்.

செய்தி கேட்ட கலிஸ்தோ தன் மானம் போயிற்றே என்று சிறிது கவலைப்படுகிறான். இரவானதும் ஏணியோடு மெலிபேயாவின் தோட்டத்துக்குப் போய்விடுகிறான்.

இந்நூலைக் காமத்தின் அழிவைச் சொல்லும் அறிவுரை நூல் என்று பலர் வகைப்படுத்துவர். ஆசிரியரே முன்னுரையில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். கதையோ வேறு சொல்கிறது. முதல் மூன்று உயிர்களும் சங்கிலிக்காகப் போனவை. காமத்துக்கு விலை கொடுக்க ஒருவனிடம் பொன் இருந்ததும், அந்த வீட்டில் உழைத்தவர்களை அவன் மனிதராக எண்ணாததும் சேர்ந்தே அந்தக் கத்தியை உருவின.

பின்னர் கலிஸ்தோ ஏணியிலிருந்து தவறி விழுந்து இறக்கிறான். மெலிபேயா வீட்டுக் கோபுரத்தின் மேல் ஏறி, கீழே நிற்கும் தந்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் குதிக்கிறாள். தந்தை பிளெபேரியோவின் புலம்பலே நூலின் இறுதி அங்கம். கோபுரங்களும் மரங்களும் கப்பல்களும் யாருக்காக என்று கேட்கிறார். உலகத்தையும் காதலையும் விதியையும் நிந்திக்கிறார். மறுமையில் ஆறுதல் தேடுவதில்லை. கத்தோலிக்க ஸ்பெயினில், 1492 இல் யூதர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட சில ஆண்டுகளுக்குள், இப்படி ஒரு முடிவு எழுதப்பட்டது.

ரோஹாஸ் யூத மரபிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அத்தகையவர்கள்மீது மதவிசாரணை மன்றத்தின் கண் எப்போதும் இருந்தது. ஆயினும் நூல் தப்பியது. 1554 இல் வெளிவந்த 'லசரீயோ தெ தோர்மெஸ்' என்ற சிறு நாவல், பூசகர்களின் கஞ்சத்தனத்தையும் கள்ள உறவையும் ஒரு பசித்த சிறுவன் வாயால் சொன்னதற்காக 1559 ஆம் ஆண்டின் தடைப்பட்டியலில் ஏறியது. செலஸ்தீனாவிலிருந்து 17 ஆம் நூற்றாண்டில் சில வரிகளை நீக்கச் சொன்னதோடு சரி. முழுத் தடை 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. அதற்கிடையில் இத்தாலியம், செருமன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நூல் பரவிவிட்டது. ரோமாபுரியில் யோசேப்பு சர்பாத்தி என்பவர் எபிரேயத்திலும் பெயர்த்தார். அதில் அவர் எழுதிய முன்னுரைப் பாடல் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

நூலாசிரியரின் குடும்பம் அப்படித் தப்பவில்லை. 1525 இல் அவருடைய மாமனார் அல்வாரோ தெ மொந்தல்பான் கைதானார். இவ்வுலகில் நன்றாய் இருந்தால் போதும், அப்பால் எதுவும் உண்டோ யாரறிவார் என்ற கருத்தில் பேசியது அவர்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. தமக்குச் சட்டத்தரணியாகத் தம் மருமகனை நியமிக்கும்படி முதியவர் கேட்டார். சந்தேகத்துக்கு இடமில்லாத வேறொருவரைத் தெரிவுசெய்யும்படி மன்றம் கூறிவிட்டது. ரோஹாஸ் தலவேரா நகரில் சட்டத்தொழில் நடத்தி, அந்நகரின் நீதிப் பதவியும் வகித்து, 1541 இல் இறந்தார். இடைப்பட்ட நாற்பதாண்டுக் காலத்தில் அவர் வேறு நூல் எதனையும் வெளியிட்டதாகப் பதிவு இல்லை.