பயன்படுத்திய சமையல் எண்ணெய்

பயன்படுத்திய சமையல் எண்ணெய் என்பது உணவுப் பொருட்களைப் பொரித்த பின்னர் எஞ்சும் தாவர எண்ணெய் அல்லது கொழுப்பு ஆகும். எண்ணெய் வணிகத்திற்கும் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டாவிற்கும் பெயர் பெற்ற விருதுநகர் போன்ற ஊர்களில் இது அன்றாடம் உருவாகும் கழிவாகும்.

வேதியியல்

எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிசனும் உணவிலுள்ள நீரும் அதனைச் சிதைக்கின்றன. எண்ணெய் கருத்து, பிசுபிசுத்து, குறைந்த வெப்பத்திலேயே புகையத் தொடங்குகிறது. இவ்வாறு உருவாகும் சிதைவுப் பொருட்கள் மொத்த முனைவுச் சேர்மங்கள் என அளக்கப்படுகின்றன. உயர் இரத்த அழுத்தம், தமனித் தடிப்பு, கல்லீரல் நோய்கள் ஆகியவற்றுடன் இவை தொடர்புபடுத்தப்படுகின்றன. நிறத்தை மட்டும் கொண்டு அளவைக் கணிக்க இயலாது. இதற்கெனக் கையடக்கக் கருவிகள் உள்ளன.

இந்தியச் சட்ட விதிகள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, 2018 சூலை 1 முதல் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. அதே ஆண்டு ஆகத்து மாதம், இவ்வெண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக்கும் 'ரூகோ' திட்டம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள் 2019 மார்ச் 1 முதல் பதிவேடு பேணவேண்டும்.

சிக்கல் இங்குதான் உள்ளது. சாலையோர வடை, பஜ்ஜிக் கடைகளுள் பெரும்பாலானவை இந்த 50 லிட்டர் வரம்பிற்குள் வருவதில்லை. பெரிய கடையில் கழித்த எண்ணெய் குறைந்த விலையில் சிறிய கடைக்குக் கைமாறினால், விதி தடுக்க முயன்ற அதே எண்ணெய் மீண்டும் தட்டிற்கு வந்துவிடுகிறது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் வெடிபொருள் இருப்பிற்குக் கணக்கு வைப்பது கட்டாயம். ஆலை விட்டு வரும் தொழிலாளி வாங்கும் வடையின் எண்ணெய்க்குப் பெரும்பாலும் கணக்கில்லை.

உயிரி டீசல்

வடிகட்டி நீர் நீக்கிய எண்ணெயை, வினையூக்கியின் முன்னிலையில் மெத்தனாலுடன் வினைபுரியச் செய்தால் உயிரி டீசலும் கிளிசராலும் கிடைக்கும். பலமுறை காய்ந்த எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் மிகுந்திருப்பதால், காரத்தை நேரடியாகச் சேர்த்தால் சோப்பு உருவாகி விளைச்சல் குறையும். எனவே முதலில் அமில வினையூக்கியைக் கொண்டு அதனைக் குறைக்கவேண்டும். அதாவது, எண்ணெயை எவ்வளவு முன்னதாகக் கழிக்கிறோமோ அவ்வளவிற்கு எரிபொருள் ஆலைக்கும் ஆதாயமே.

2018 ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இவ்வெண்ணெயை மூலப்பொருளாக ஏற்று, 2030க்குள் டீசலில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலப்பை இலக்காக வைத்தது. 2019 ஆகத்து 10 அன்று, 100 நகரங்களில் இவ்வகை உயிரி டீசலைக் கொள்முதல் செய்யும் திட்டத்தைப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்தன. முதலாண்டு விலை லிட்டருக்கு 51 ரூபாய்.

ஐரோப்பிய ஒன்றியம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவகக் கழிவு எண்ணெயைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பது 2004 இல் தடை செய்யப்பட்டது. பின்னர் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் விதிகள், இதிலிருந்து பெறும் எரிபொருளை இலக்குக் கணக்கில் இருமடங்காக எண்ண அனுமதித்தன. இதனால் விலை உயர்ந்து, ஆசியாவிலிருந்து இறக்குமதி பெருகியது; புதிய பாமாயிலே பழைய எண்ணெய் என்ற பெயரில் விற்கப்படுகிறதோ என்ற ஐயமும் எழுந்தது.