கையெழுத்துப் போட்டார்களா?



தீபாவளித் துணி பற்றிய பேச்சு நம் குழுவில் ஆரம்பித்துவிட்டது. பழைய மாணவி ஒருத்தி ஒரு சட்டையின் படத்தைப் போட்டு, "சார், 'எத்திக்கல்', 'சஸ்டெய்னபிள்' என்றெல்லாம் அச்சடித்திருக்கிறார்களே, ஒரு பிராண்டு நிஜமாகவே அப்படி மாற முடியுமா?" என்று கேட்டிருந்தாள். முடியும் அம்மா. சிலர் மாறியும் இருக்கிறார்கள். எப்படி மாறினார்கள் என்று சொல்ல 1911க்குப் போக வேண்டும். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வேறென்ன கிடைக்கும்?

நியூயார்க்கில் டிரையாங்கிள் என்றொரு கம்பெனி. 'ஷர்ட்வெயிஸ்ட்' என்ற பெண்கள் மேல்சட்டை தைப்பது தொழில். வேலைக்குப் போகும் பெண்களின் அன்றைய ஃபேஷன் அதுதான். 1909இல் அந்த ஊர்த் தையல் தொழிலாளர்கள் சுமார் 20,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். பல கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் போடவில்லை. 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டிக் கிடந்தது. பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம்! தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். முதலாளிகள் இருவரும் அந்த டிசம்பரிலேயே விடுதலையானார்கள். பிறகு வழக்குப் போட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தது உயிருக்கு 75 டாலர்.

தெருவில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார், அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி. தீவிபத்துக்குப் பின் நியூயார்க் மாநிலத்தில் வந்த தொழிற்சாலைச் சட்டங்களில் அவர் உழைப்பு நிறைய உண்டு. இதுவரை பாடப்புத்தகத்திலும் இருக்கும். அதிகம் பேசப்படாத மிச்சக் கதைதான் நமக்கு முக்கியம்.

சட்டம் கடுமையானதும் வியாபாரிகள் வேறு வழி பிடித்தார்கள். டிசைனும் துணியும் தங்களுடையது, தைப்பது மட்டும் வெளியே சிறு கான்டிராக்டர்கள். "அங்கே என்ன நடந்தாலும் எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிடலாம். இவர்களுக்கு 'ஜாபர்' என்று பெயர். இன்றைய பிராண்டின் தாத்தா இவர்தான்! தையல் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 1920களிலும் 30களிலும் போராடி, கான்டிராக்டர் கொடுக்கும் கூலிக்கு ஜாபரும் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

பின்னர் தையல் வேலை நாடு கடந்து ஆசியாவுக்கு வந்தது. ஒப்பந்தம் கூடவே வரவில்லை. 1990களில் அந்த இடத்தில் 'நடத்தை விதிகள்', தணிக்கை, சான்றிதழ் எல்லாம் வந்தன. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்குச் சர்வதேசச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

அதே 2012இல் வங்கதேசத் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்காகச் சங்கங்கள் ஓர் ஒப்பந்தம் தயாரித்து வைத்திருந்தன. நான்கு பிராண்டுகள் கையெழுத்திட்டால் நடைமுறைக்கு வரும். இரண்டுதான் போட்டன. 2013 ஏப்ரல் 23 அன்று டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல்காரப் பெண்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். 1,134 பேர்.

அடுத்த மாதமே 'அக்கார்டு' பிறந்தது. பின்னர் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் அதில் சேர்ந்தன. ஆய்வு அறிக்கை ஊரறிய வெளியிடப்படும். பழுதுபார்க்கப் பணம் கிடைக்க பிராண்டு வழி செய்ய வேண்டும். ஆபத்தென்றால் தொழிலாளி உள்ளே போக மறுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்கு மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுத்தார்கள். 2018இல் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த வரி ஒப்பந்தத்தில் இல்லாதிருந்தால் ஒரு வருத்தச் செய்தியோடு முடிந்திருக்கும். வால்மார்ட், காப் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அக்கார்டில் சேரவில்லை. தங்களுக்கென்று 'அலையன்ஸ்' என்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டன. அதன் நிர்வாகத்தில் தொழிற்சங்கத்துக்குச் சம இடம் கிடையாது.

'சஸ்டெய்னபிள்' பற்றியும் ஒரு வார்த்தை. நொய்யல் சாயமாக ஓடியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். திருப்பூரில் பனியன் வாங்கிய எந்தப் பிராண்டும் அதைச் செய்யவில்லை. சுத்திகரிப்புச் செலவும் பட்டறைக்காரர்கள் தலையில்தான் விழுந்தது.

இனி நம் பக்கத்துக் கதை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில் அந்த ஏற்றுமதி நிறுவனம் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. பெயரே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கத் தொழிலாளர்களிலிருந்தே ஆட்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை வாக்கு மீறினால் பிராண்டு தன் ஆர்டரில் கைவைக்க வேண்டும். எச் அண்ட் எம், பிவிஎச் கையெழுத்திட்டன. வங்கதேசத்தில் ஒதுங்கிய காப் நிறுவனமும் ஒன்பது ஆண்டு கழித்து இதில் கையெழுத்திட்டது!

திருப்பூரிலும் சென்னையிலும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பையர் நீட்டும் காகிதத்தில் சங்கத்தின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறதா, ஆர்டர் விலையில் பாதுகாப்புச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். திண்டுக்கல் பக்கம் ஆலைகளில் வேலை பார்த்த என் மாணவிகளும் எழுதலாம். பெயர் வெளியே வராது.